வலது ஓரத்தில் ஒரு ரயில்வே ஊழியர்

கொல்கத்தா மைதானத்தில் காலை ஆறரை மணி. எஸ்பிளனேடில் இறங்கி, ஷாஹித் மினாரைத் தாண்டி மேற்கே நடந்தபோது முதலில் எதிர்ப்பட்டது ஓர் ஆட்டு மந்தை. இரவு பெய்த மழையில் புல் ஊறிக் கிடந்தது. சற்றுத் தள்ளி ஒரு குதிரை நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. பனியனோடு ஓடும் இரண்டு சிப்பாய்கள், கை வீசி நடக்கும் பெரியவர்கள், மண் கோப்பையில் எலுமிச்சை டீ விற்கும் ஒருவர். இவர்களுக்கெல்லாம் நடுவே, செங்கற்களை கோல் கம்பங்களாக வைத்துப் பத்துப் பதினைந்து பையன்கள் சேற்றில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது முழுக்க மிலிட்டரியோட இடம். நம்மளை உள்ள விட்டு வெச்சிருக்கான், அவ்வளவுதான்" என்றார் மாமா. வயது 84. கையில் குடை, மழைக்காகப் பாதி, ஊன்றிக்கொள்ளப் பாதி.

அவர் சொன்னது சரிதான். 1757இல் பிளாசிப் போர் முடிந்ததும் ஆங்கிலேயர்கள் ஹூக்ளிக் கரையில் புதிய வில்லியம் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டுகளுக்குக் குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது என்று சுற்றிலும் இருந்த காட்டை வெட்டிச் சமமாக்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்த ஆயிரம் ஏக்கர் பசுமை. இன்றும் இது ராணுவத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. நிரந்தரக் கட்டடம் எழுப்ப இங்கே அனுமதி கிடையாது. அதனால்தான் நூறு வயது தாண்டிய கால்பந்து கிளப்புகளின் தலைமையகத்துக்கும் இங்கே 'டென்ட்' என்றே பெயர். பீரங்கிக்காக ஒதுக்கிய இடத்தில் ஒரு நகரமே பந்தைத் துரத்தக் கற்றுக்கொண்டது.

2025 ஆகஸ்டில் நான் கொல்கத்தா போனது ஒரு மொழிபெயர்ப்புக் கருத்தரங்குக்காக. தங்கியது லேக் மார்க்கெட் பக்கம், மாமா வீட்டில். காபிப் பொடியும் வாழை இலையும் தமிழ்ப் பத்திரிகையும் தேடித் தென்னிந்தியர்கள் தலைமுறை தலைமுறையாக வந்துபோகும் பேட்டை அது. மாமா கும்பகோணத்திலிருந்து 1961இல் கிழக்கு ரயில்வேயின் கணக்குப் பிரிவில் சேர வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகவில்லை.

நான் போன சமயத்தில் அந்த வீட்டில் ஒரு விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் மகள் வயிற்றுப் பேரனுக்கு 19 வயது. வலது ஓரத்தில் ஆடும் விங்கர். மாநில ஜூனியர் அணிக்கு ஆடியவன். தொழில்முறைக் கிளப் ஒன்று தன் ரிசர்வ் அணிக்கு அவனை அழைத்திருந்தது. அதே நேரத்தில், ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான விண்ணப்பமும் நிரப்பப்படாமல் சாப்பாட்டு மேஜை மேல், ஊறுகாய் ஜாடிக்குக் கீழே கிடந்தது. தாத்தாவுக்கு ரயில்வே. பேரனுக்குக் கிளப். நடுவில் மாட்டிக்கொண்ட அம்மா, அதாவது என் மாமா பெண், என்னிடம் சொன்னாள்: "நீ கொஞ்சம் பேசிப் பாரு. நீயும் வேலையை விட்டுட்டு எழுதப் போனவன்தானே."

பேசிப் பார்க்க நான் தகுதியான ஆள் இல்லை. நிரந்தர வேலையை விட்ட வருஷத்தில் அப்பா என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. அதற்குப் பிறகு வந்த மாதக் கடைசிகளில் பலமுறை அவர் பக்கம் நியாயம் இருப்பதாக எனக்கே தோன்றியிருக்கிறது. ஆனால் மாமாவே வழி காட்டினார். "காலையில மைதானம் போவோம். அவனும் பிராக்டிஸுக்கு அங்கதான் வரான். உனக்கு ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். அப்புறம் நீயே முடிவு பண்ணு."

அந்த ஒருத்தர் பிரதீப் குமார் பானர்ஜி. கல்கத்தா மொத்தத்துக்கும் பி.கே.

கொல்கத்தாவில் ஒருவர் எந்தக் கிளப்பின் ரசிகர் என்பதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. பிறக்கும்போதே அது முடிவாகிவிடுகிறது. மேற்கு வங்கத்தின் பூர்வீகக் குடும்பம் என்றால் 'கோட்டி', மோகன் பகான். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குடும்பம் என்றால் 'பாங்கால்', ஈஸ்ட் பெங்கால். ஜெயிக்கும் நாளில் அவர்கள் வீட்டில் இறால், இவர்கள் வீட்டில் ஹில்சா மீன். 1889இல் தொடங்கிய மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பூட்ஸ்களுக்கு எதிரே பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிக் கிடைத்த அந்த வெற்றி, சுதந்திரப் போராட்டத்தின் ஓர் அத்தியாயமாகவே படிக்கப்படுகிறது. ஈஸ்ட் பெங்கால் 1920இல் பிறந்தது. பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தவர்களின் கொடியாக மாறியது. மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டத்தை வென்றது.

இந்த வம்சாவளியில் கும்பகோணத்துக்காரருக்கு எங்கே இடம்?

ஆடுகிறவர்களுக்கு இடம் இருந்தது. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையில் ஆடிய ஐவரை 'பஞ்ச பாண்டவர்கள்' என்று வங்காளிகள் கொண்டாடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேருமே தெற்கத்தியர்கள். வலது ஓரத்தில் வெங்கடேஷ், இடது ஓரத்தில் சாலே. கோல் அடிக்கிறவனின் தாய்மொழியை யாரும் கேட்பதில்லை. ஆனால் காலரியில் உட்கார்ந்து கை தட்டுகிற குமாஸ்தாவைக் கேட்பார்கள்.

"நான் வந்த புதுசுல ஆபீஸ்ல கேட்ட முதல் கேள்வி அதான்" என்றார் மாமா. "'நீ எந்தப் பக்கம்?' எனக்கு ரெண்டு பக்கமும் இல்ல. காவேரிப் பக்கம்னு சொன்னேன். சிரிச்சான். அப்புறம் பக்கத்து மேஜைக்காரர் சொன்னார், 'கவலைப்படாதே, நமக்கு நம்ம டீம் இருக்கு.' சனிக்கிழமை மத்தியானம் என்னையும் இழுத்துண்டு வந்தார்."

நம்ம டீம் என்றால் ஈஸ்டர்ன் ரயில்வே.

இன்றைய இளைஞர்களுக்கு 'ஆபீஸ் டீம்' என்ற சொல்லை விளக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்குக் கால்பந்து ஆட்டக்காரன் காகிதத்தில் அமெச்சூர்தான். கிளப்புகள் பணம் கொடுத்தன. ஆனால் அது சம்பளம் இல்லை. பேச்சுவார்த்தைக்கும் கைமாற்றுக்கும் உட்பட்டது. முழங்கால் போனால் அதுவும் போகும். மாதம் பிறந்தால் சம்பளமும், வயதானால் பென்ஷனும், குடும்பத்துக்கு மருத்துவமும் தரக்கூடியவை ரயில்வே, துறைமுகம், சுங்கம், தபால் தந்தி, போலீஸ், வங்கி போன்ற நிறுவனங்கள்தான். அவை தங்களுக்கென்று அணிகள் வைத்திருந்தன. நல்ல ஆட்டக்காரனுக்கு மேஜையும் நாற்காலியும் கொடுத்தன. பெரம்பூர் ஐ.சி.எஃப்., சென்னைத் துறைமுகம், இந்தியன் வங்கி அணிகளைப் பார்த்த தமிழ் வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஒரு தலைமுறைக்கு இந்தியக் கால்பந்தின் முதுகெலும்பே வருகைப் பதிவேடுதான்.

பி.கே. 1936இல் ஜல்பைகுரி மாவட்டத்தின் மொய்னாகுரியில் பிறந்தவர். வளர்ந்தது ஜாம்ஷெட்பூரில். பதினைந்து பதினாறு வயதிலேயே பிகார் மாநிலத்துக்காக சந்தோஷ் டிராபியில் வலது ஓரத்தில் ஆடினார். 1954இல் கல்கத்தா வந்து ஆர்யன் கிளப்பில் சேர்ந்தார். அது பழைய கிளப், ஆனால் பெரிய கிளப் அல்ல. அடுத்த ஆண்டு ஈஸ்டர்ன் ரயில்வே. அதே 1955இல் இந்திய அணியிலும் இடம் கிடைத்தது.

அவ்வளவுதான் அவருடைய கிளப் வாழ்க்கை. 1967இல் ஆட்டத்தை நிறுத்தும்வரை அவர் வேறு எங்கும் போகவில்லை. மோகன் பகானின் பச்சை - மெரூன் சட்டையும் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு - தங்கச் சட்டையும் முகமதனின் கறுப்பு - வெள்ளைச் சட்டையும் அவர் உடம்பில் ஏறியதே இல்லை. அவர் தலைமுறையின் மிகச் சிறந்த வலது விங்கர், நாட்டின் கால்பந்துத் தலைநகரில் வாழ்ந்துகொண்டு, அந்த நகரத்தின் பெரிய ஆட்டத்தில் ஒரு ஆட்டக்காரராக இறங்காமலே ஓய்வு பெற்றார்.

இது எவ்வளவு விசித்திரம் என்பது அவரோடு சேர்த்துப் பேசப்படும் மற்ற இருவரைப் பார்த்தால் விளங்கும். சுனி கோஸ்வாமி ஆடிய காலமெல்லாம் மோகன் பகான். நகரத்தின் செல்லப் பிள்ளை. செகந்திராபாதிலிருந்து வந்த துளசிதாஸ் பலராம் ஈஸ்ட் பெங்காலின் உயிர்நாடி. ஆனால் பலராமும் 1963இல் பி.என்.ஆர். என்ற இன்னொரு ரயில்வே அணிக்குத்தான் போனார். நுரையீரல் உறை நோயால் 27 வயதுக்குள் அவர் ஆட்டம் முடிந்தபோது கையில் மிஞ்சியது ரயில்வே வேலை. பி.கே. முதலிலேயே போய்ச் சேர்ந்த இடத்துக்கு பலராம் கடைசியில் வந்தார் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்து அமைப்பில் விங்கர் என்பவர் காத்திருக்கிறவர். எல்லைக்கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் பந்தைப் பிடித்து அனுப்ப வேண்டும். வந்ததும் எதிரே நிற்கும் ஃபுல்பேக்கைத் தாண்டி ஓடி, மூலையருகிலிருந்து பந்தை நடுவுக்குத் தூக்கிப் போட வேண்டும். கோல் அடிக்கும் பெருமை உள்ளே இருப்பவருக்கு. பெரிய கிளப்பில் நல்ல பந்துகள் நிறைய வரும். ஆபீஸ் டீமில் அவ்வளவு வராது. வந்த பந்தைத் தானே கோலாக மாற்றத் தெரிந்தால்தான் பிழைப்பு. பி.கே.யின் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இரண்டைத்தான் சொல்கிறார்கள்: வேகம், வலது காலின் உதை. ஓரத்திலிருந்து சட்டென்று உள்ளே திரும்பி, கோணலான இடத்திலிருந்தே கோலுக்குச் சுடுவார். விங்கரின் வேலையையும் ஸ்ட்ரைக்கரின் வேலையையும் ஒரே சம்பளத்தில் பார்த்தவர்.

1958இல் அது பலித்தது. கல்கத்தா லீக் பட்டத்தை ஈஸ்டர்ன் ரயில்வே வென்றது. சுதந்திரத்துக்குப் பின் மூன்று பெரிய கிளப்புகளைத் தவிர வேறொரு அணி அந்தப் பட்டத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. அடுத்த முறைக்கு நகரம் 61 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019இல் பியர்லெஸ் வென்றது. அந்த 1958ஐ மாமா பார்க்கவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது அதற்கு மூன்று வயதாகிவிட்டது. ஆனால் பக்கத்து மேஜைக்காரர் சொல்லிச் சொல்லி, தானே பார்த்ததுபோல் ஆகிவிட்டதாம். "ராமாயணத்தை நாம என்ன பார்த்தா சொல்றோம்?"

நடந்துகொண்டே ஈஸ்ட் பெங்கால் மைதானத்துக்கு வந்திருந்தோம். மரப்பலகை காலரிகளும் தகரக் கூரையும் கொண்ட இந்த மைதானத்தை ஆர்யன் கிளப்பும் பகிர்ந்துகொள்கிறது. கொஞ்ச தூரத்தில் மோகன் பகான் மைதானம். அதற்கு எதிரே ஈடன் கார்டன்ஸ். மாமா குடை முனையால் கோட்டைப் பக்கம் இருந்த மண்மேட்டைக் காட்டினார். அதற்கு 'ராம்பார்ட்' என்று பெயர். டிக்கெட் வாங்கக் காசில்லாதவர்கள் அங்கே ஏறி நின்று ஆட்டம் பார்ப்பார்கள். முன்னால் நிற்பவரின் தலை மறைத்தால் அதற்கும் வழி இருந்தது. அட்டையில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்து ஒட்டிய பெரிஸ்கோப் விற்பார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் பயன்படும் கருவியை லீக் ஆட்டம் பார்க்கப் பயன்படுத்திய நகரம் இது.

"நீங்க அதுல பார்த்திருக்கீங்களா மாமா?"

"மோகன் பகான் மேட்ச்னா பார்த்திருக்கேன். நம்ம டீம் ஆடறப்போ அதெல்லாம் வேண்டாம். காலரில இடம் இருக்கும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "நிறையவே இடம் இருக்கும்."

அந்தக் காலியிடத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். கொல்கத்தா தன் ஆட்டக்காரர்களைக் கடவுளாக்கும். ஆனால் அதற்குச் சட்டையின் நிறம் சரியாக இருக்க வேண்டும். நாட்டின் சட்டையில் பி.கே.க்குக் குறை ஒன்றும் இல்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போய் நான்காவதாக வந்த அணியில் அவர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்தான் கேப்டன். பிரான்சோடு 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவரும் அவரே. 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு வர விடாத விவகாரத்தில் இந்திய அதிகாரி ஒருவர் விமர்சனம் செய்திருந்ததால் மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார்; அடுத்த ஆண்டு இறந்துபோனார். அந்த ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று இந்தியா வென்றது. முதல் கோல் பி.கே., இரண்டாவது ஜர்னைல் சிங். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றது 1951, 1962 என்று இரண்டே முறைதான். கால்பந்துக்கான முதல் அர்ஜுனா விருதும் பி.கே.க்குத்தான் வந்தது.

ஊர் திரும்பினால் மறுபடி ஆபீஸ் டீம். பாதி காலியான காலரி.

மைதானத்திலிருந்து டாக்ஸி பிடித்து ஃபேர்லி பிளேஸ் போனோம். மாமா முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்த இடம். கிழக்கு ரயில்வேயின் தலைமையகம். ஹூக்ளி நதிக்கும் டல்ஹவுசி சதுக்கத்துக்கும் நடுவில், சிவப்பு நிறக் கட்டடங்களும் டிக்கெட் முன்பதிவுக் கூட்டமும். தெருமுனையில் படகுத்துறை. அங்கிருந்து பத்து நிமிஷத்தில் ஹவுரா. காலையில் ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களை இறக்கிவிட்டு, மாலையில் அள்ளிக்கொண்டு போகும் படகுகள். மாமா உள்ளே போக வேண்டும் என்று கேட்கவில்லை. எதிர் நடைபாதையில் நின்று இரண்டாம் மாடி ஜன்னல்களை எண்ணினார். ஐந்தாவது ஜன்னல்.

"அவர் என் டிபார்ட்மென்ட் இல்ல. ஒரு தடவைகூடப் பேசினது இல்ல. வராந்தாவுல போறப்போ பார்த்திருக்கேன். ஆனா திங்கள்கிழமை காலையில மோகன் பகான்காரன் வந்து, 'உங்க ஆள் நேத்து எங்களை ஓடவிட்டாரே'ம்பான். உங்க ஆள்! என்னைப் பார்த்துச் சொல்லுவான். தமிழ்தான் பேசத் தெரியும், பெங்காலி அரைகுறை, மீன் சாப்பிட மாட்டேன். அப்படிப்பட்டவனைப் பார்த்து."

அவர் குரலில் அறுபது வருஷப் பெருமை அப்படியே இருந்தது. பெரிய கிளப்பின் விங்கர் ஒரு சமூகத்துக்குச் சொந்தம். ஆபீஸ் டீமின் விங்கர், அதே வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகும் எவனுக்கும் சொந்தம். இந்த நகரத்தில் எந்தப் பக்கமும் இல்லாதவர்களுக்குக் கிடைத்த பக்கம் அது.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. ஆட்டக்காரராக உள்ளே போகாத டென்ட்டுகளுக்குள் பி.கே. பயிற்சியாளராகப் போனார். 1972இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. அந்த வருஷமே ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் மூன்றும் வந்தன. 1975 ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று தோற்கடித்தது. மோகன் பகான்காரர்கள் இன்றும் பேச விரும்பாத எண்ணிக்கை. அடுத்த வருஷம் மோகன் பகான் செய்த காரியம் அவரையே தங்கள் பயிற்சியாளராக்கியது. 1977 செப்டம்பரில், மழையில் நனைந்த ஈடன் கார்டன்ஸில் பெலேயோடு வந்த காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் 2-2 என்று சமன் செய்தது பி.கே.யின் பொறுப்பில்தான். அதே பருவத்தில் அந்த மூன்று கோப்பைகளும் இந்தப் பக்கம் வந்தன.

அவருடைய ஆட்டத்துக்கு முந்தைய பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்று நகரம் பெயர் வைத்தது. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா தன் 'டைமண்ட்' வியூகத்தால் அதுவரை எதிரிகளைத் துவைத்துக்கொண்டு வந்திருந்தார். ஈஸ்ட் பெங்கால் பக்கம் பி.கே. ஒரு லட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். ஈஸ்ட் பெங்கால் 4-1. பாய்சுங் பூட்டியா மூன்று கோல். ஆட்டக்காரராக இருந்த காலத்தில் காலி காலரிகளைப் பார்த்தவர், அறுபத்தோராவது வயதில் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்றார். இரண்டு வீட்டுக்கும் மாப்பிள்ளை ஆகாமல், இரண்டு வீட்டுக்கும் பெரியவர் ஆனார்.

இதையெல்லாம் பேரனிடம் அன்று மாலை நான் சொன்னபோது, அவன் நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டான். "மாமா, அவரு கோச் ஆனாரு, சரி. ஆடற வயசுல அந்தக் கூட்டம் கிடைச்சிருந்தா?"

பதில் இல்லை. அவன் தரப்பு வாதமும் லேசானது அல்ல. 1996இல் தேசிய லீக் தொடங்கிய பிறகு இந்தியக் கால்பந்தின் எடை தொழில்முறைக் கிளப்புகள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆபீஸ் அணியில் சேர்ந்தால் வேலை உண்டு. ஆனால் பெரிய லீக்குகளின் கதவு ஏறக்குறைய மூடிவிடும். 1958இன் சாம்பியனான ஈஸ்டர்ன் ரயில்வேயின் பெயர் பெரிய பட்டங்களுக்கான பேச்சில் வெகுகாலமாக அடிபடுவதில்லை. "தாத்தா சொல்ற டீம் இப்போ இல்ல மாமா. பேரு மட்டும் இருக்கு" என்றான். வலது காலால் தரையில் இல்லாத பந்தை உருட்டிக்கொண்டே பேசினான்.

தாத்தாவிடமும் பதில் இருந்தது. நிறுவனங்கள் நடத்திய கிளப்புகள் கதை என்ன ஆயிற்று? மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது. பஞ்சாபின் ஜே.சி.டி. 2011இல். அன்றைய தேதியில், வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல். பருவமே தொடங்காமல் நின்றிருந்தது. சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்திவைத்திருந்த செய்தி தினமும் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. மாமா அந்தச் செய்திகளைக் கத்தரித்து, விண்ணப்பத்தோடு சேர்த்து ஊறுகாய் ஜாடிக்கு அடியில் வைத்திருந்தார். பி.கே. 1955இல் போட்ட கணக்கை எழுபது வருஷம் கழித்து ஒரு பையன் மறுபடி போட வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தியக் கால்பந்தின் நிலைமை.

மறுநாள் காலையும் மூவரும் மைதானம் போனோம். பயிற்சி ஆட்டம். பேரன் வலது ஓரத்தில் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றான். பந்து வெகுநேரம் அந்தப் பக்கம் வரவே இல்லை. வந்தபோது முதல் ஆளை வெளிப்பக்கமாகத் தாண்டினான். இரண்டாவது ஆளிடம் பறிகொடுத்தான். அடுத்த முறை உள்ளே திரும்பி உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கு நடுவில் விழுந்தது. மாமா சிரிக்கவில்லை. "உள்ள திரும்பறான் பாத்தியா" என்றார், என்னிடம் மட்டும் கேட்கும் குரலில்.

பி.கே. 2020 மார்ச் 20 அன்று இறந்தார். வயது 83. ஐந்து நாளில் நாடே ஊரடங்கில் முடங்கியது. நாற்பத்தோரு நாள் கழித்து, ஏப்ரல் 30 அன்று சுனி கோஸ்வாமி. 2023 பிப்ரவரி 16 அன்று பலராம். மூவரில் ஒருவரும் இல்லை. லட்சம் பேர் பின்னால் நடந்திருக்க வேண்டிய இறுதி ஊர்வலங்கள் இரண்டைக் கொள்ளைநோய் தின்றுவிட்டது. மாமா அன்று வீட்டிலேயே குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாராம். உறவில் யாரோ போய்விட்டதாக நினைத்துப் பக்கத்து வீட்டம்மா விசாரித்தார்களாம்.

ஆட்டம் முடிந்து பேரன் வந்தான். ஒரு டென்ட் கேன்டீனில் உட்கார்ந்தோம். அவனுக்கு மைதானத்தின் புகழ்பெற்ற சிக்கன் ஸ்டூவும் டோஸ்ட்டும். மாமாவுக்கு வெறும் டோஸ்ட், டீ. முழங்கால் சேற்றைக் காகிதத்தால் துடைத்தபடி அவன் கேட்டான்: "தாத்தா, நிஜமாச் சொல்லு. பி.கே. பெரிய கிளப்புக்குப் போயிருந்தா இன்னும் பெரிய ஆளா வந்திருப்பாரா, மாட்டாரா?"

மாமா டோஸ்ட்டை டீயில் தோய்த்துத் தின்று முடிக்கும்வரை பதில் சொல்லவில்லை.

"வந்திருப்பார்" என்றார். "ஆனா எனக்கு யாருடா இருந்திருப்பா?"

பேரன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஸ்டூ கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கைகழுவ எழுந்துபோனான்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தின நாள் நான் ஊருக்குக் கிளம்பினேன். காலையில் காபி குடிக்கும்போது பார்த்தேன். ஊறுகாய் ஜாடி இருந்தது, அதன் கீழே காகிதம் இல்லை. பத்திரிகைத் துணுக்குகளும் இல்லை. பேரன் எழுந்து மைதானத்துக்குப் போயிருந்தான். நான் மாமாவைப் பார்த்தேன். "எனக்கும் தெரியாது, கேட்கலை" என்றார். குடையை எடுத்துக்கொண்டு ஹவுரா வரை வழியனுப்ப வந்தார். டாக்ஸி ரெட் ரோடில் போகும்போது கண்ணாடியை இறக்கி, வலது பக்கம் தெரிந்த எல்லா ஆட்டங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார்.